ரெட் டாட் ஃபைண்டர் மக்கர் பண்ணுகிறதா? அறிகுறியைப் பார்த்து வீட்டிலேயே சரிசெய்யும் வழி

டெலஸ்கோப்பின் முதுகில் உட்கார்ந்திருக்கும் அந்தச் சின்ன பிளாஸ்டிக் சமாசாரம் வேலை செய்யாவிட்டால், குழாய்க்குள் எவ்வளவு நல்ல கண்ணாடி இருந்தும் பிரயோஜனமில்லை. 900 மி.மீ. குவியத் தூரமுள்ள டெலஸ்கோப்பில் சாதாரண 25 மி.மீ. ஐபீஸ் (கண் வைத்துப் பார்க்கும் முனையில் மாட்டும் லென்ஸ்) போட்டால் வானத்தில் தெரியும் அகலம் 1.4 டிகிரி போல இருக்கும். முழு நிலா மூன்றை வரிசையாக வைத்தால் இடம் போதாது. 10 மி.மீ. ஐபீஸ் போட்டால் ஒரு நிலாவுக்கே சரியாக இருக்கும். அந்த இடுக்கு வழியாகச் சனி கிரகத்தைத் தேடிப் பிடிக்க முடியாது. எங்கே இருக்கிறது என்று காட்ட ஓர் ஆள் வேண்டும். அந்த ஆள்தான் ரெட் டாட் ஃபைண்டர்.

இதைக் கழற்றுவதற்கு முன்னால் ஒன்றைச் சொல்லிவிடுகிறேன். 'கெட்டுப்போச்சு' என்று கையில் கொடுக்கப்படும் ஃபைண்டர்களில் பெரும்பாலானவற்றில் எல்.இ.டி.யும் கண்ணாடியும் நன்றாகவே இருக்கும். கோளாறு பேட்டரி செல்லில் இருக்கும், செல்லைத் தொடும் தகட்டில் இருக்கும், குறி வைத்த இலக்கில் இருக்கும், சில சமயம் பார்க்கிறவர் கண்ணிலேயே இருக்கும். ஆகவே திருகுகளைக் கழற்றுவது கடைசி வேலை. கீழே சொல்லியிருக்கும் வரிசையும் அப்படித்தான்.

துப்பாக்கிகளில் பொருத்தும் ரெட் டாட் சைட்டும் இதே தத்துவத்தில் இயங்குவதுதான். ஆனால் அவற்றில் பல, உள்ளே நைட்ரஜன் நிரப்பி நீர் புகாதபடி மூடப்பட்டவை. ஒருமுறை திறந்தால் அந்த அடைப்பு போச்சு. அப்புறம் உள்பக்கம் பனிக்கும். செல் மாற்றுவது, வெளிக் கண்ணாடியைத் துடைப்பது தவிர மற்றதை உற்பத்தியாளரிடமே விட்டுவிடுங்கள். இனி வருவதெல்லாம் டெலஸ்கோப் ஃபைண்டருக்கு மட்டும்.

உள்ளே என்னதான் இருக்கிறது?

பின்பக்கம், அதாவது உங்கள் கண் இருக்கும் பக்கம், பெட்டிக்குள் ஒரு சின்ன சிவப்பு எல்.இ.டி. முன்பக்கம் லேசாக வளைந்த ஒரு கண்ணாடி. எல்.இ.டி. அந்த வளைவின் குவியப் புள்ளியில் உட்கார்ந்திருக்கிறது. அதன் வெளிச்சம் கண்ணாடியில் பட்டுத் திரும்பும்போது இணைக்கதிராக வருவதால், புள்ளி கண்ணாடிமேல் ஒட்டியிருப்பதுபோல் தெரியாமல், நட்சத்திரங்கள் இருக்கும் தொலைவில் மிதப்பதுபோல் தெரிகிறது. உருப்பெருக்கம் எதுவும் கிடையாது.

இந்த யோசனைக்கு 1900-ல் காப்புரிமை வாங்கியவர் டப்ளினைச் சேர்ந்த ஹோவர்டு க்ரப். அவரே பெரிய டெலஸ்கோப் தயாரிப்பாளர். கொடைக்கானல் வானாய்வகத்தில் சூரியனைப் படமெடுக்கும் 15 செ.மீ. பழைய டெலஸ்கோப்பை 1898-ல் திருத்தி அமைத்ததும் க்ரப்தான். அவர் காலத்தில் எல்.இ.டி. ஏது! பேட்டரியும் எல்.இ.டி.யும் சேர்ந்த ரெட் டாட், 1975-ல் சுவீடனின் எய்ம்பாயிண்ட் நிறுவனம் வழியாகச் சந்தைக்கு வந்தது.

கையில் வைத்துக்கொள்ள வேண்டியவை: புதிய சி.ஆர்.2032 பட்டன் செல், சின்ன பிளஸ் ஸ்க்ரூ டிரைவர், பென்சில் அழிக்கும் ரப்பர், பஞ்சுக் குச்சி, ஐசோபுரொப்பைல் ஆல்கஹால், காற்றடிக்கும் ரப்பர் பல்பு, சாதாரண மல்டிமீட்டர். ஈயப்பற்றுக் கருவி கடைசியில்தான் தேவைப்படும், பெரும்பாலும் தேவையே படாது.

வீட்டில் சின்னக் குழந்தைகள் இருந்தால், கழற்றிய பட்டன் செல்லை மேசைமேல் வைத்துவிட்டு எழுந்து போகாதீர்கள். விழுங்கினால் உணவுக்குழாயில் சிக்கி இரண்டு மணி நேரத்துக்குள்ளேயே கடுமையாகப் புண்ணாக்கிவிடும். விழுங்கியிருக்குமோ என்று சந்தேகம் வந்தாலே நேராக ஆஸ்பத்திரிக்குப் போய்விடுங்கள்.

அறிகுறி: "லைட் எரிகிறது, ஆனால் புள்ளி சுவரில் விழவில்லை"

இது கோளாறே இல்லை. லேசர் பாயிண்டர்போல வெளியே கோடு அடிக்கும் என்று எதிர்பார்த்து வாங்கியவர்களின் புகார் இது. புள்ளி சுவரிலும் விழாது, வானத்திலும் விழாது. பின்பக்கமிருந்து பார்க்கிற உங்கள் கண்ணுக்கு மட்டும்தான் தெரியும். கண்ணாடிக்கு ஒரு சாண் பின்னால், நேர்க்கோட்டில் கண்ணை வைத்து மெல்ல மேலும் கீழும் அசைத்துப் பாருங்கள், ஓரிடத்தில் சட்டென்று தெரியும். இரண்டு கண்ணையும் திறந்தே வைத்துக்கொள்ளலாம். ஒரு கண்ணில் புள்ளி, இன்னொரு கண்ணில் வானம், மூளை இரண்டையும் சேர்த்துவிடும்.

ஃபைண்டர் முன்பின்னாக மாட்டப்பட்டிருந்தாலும் புள்ளி தெரியாது. கண்ணாடி உள்ள முனை வானத்தைப் பார்க்க வேண்டும். சொன்னால் சிரிப்பு வரும், ஆனால் இது நடக்கிற விஷயம்தான்.

அறிகுறி: புள்ளி சுத்தமாக எரியவில்லை

முதலில் இருட்டு அறைக்குப் போங்கள். பட்டப்பகலில் மொட்டை மாடியில் நின்று 'எரியவில்லை' என்று முடிவுகட்ட வேண்டாம். சுவிட்சை முழுதாகத் திருகி, கண்ணாடி வழியாக இல்லாமல் எல்.இ.டி. இருக்கும் துளையையே முன்பக்கமிருந்து எட்டிப் பாருங்கள். துளையில் சிவப்பு தெரிந்தால் மின்சாரப் பக்கம் சரியாக இருக்கிறது. கீழே 'எல்.இ.டி. எரிகிறது, கண்ணாடியில் புள்ளி இல்லை' என்ற அறிகுறிக்குப் போய்விடலாம். சிவப்பே இல்லையென்றால் இங்கேயே இருங்கள்.

புதிதாகப் பிரித்த டெலஸ்கோப்பா? செல் மூடியைத் திறந்து பாருங்கள். செல்லுக்கும் தகட்டுக்கும் நடுவே மெல்லிய பிளாஸ்டிக் தாள் ஒன்று இருக்கும், வழியில் செல் தீர்ந்துவிடாமல் இருக்கக் கம்பெனியில் வைப்பது. அதை இழுத்துப் போட்டால் வேலை முடிந்தது.

அடுத்து செல். அது எந்த ரகம் என்று முகத்தில் படியுங்கள். சி.ஆர்.2032 என்றால் 20 மி.மீ. விட்டம், 3.2 மி.மீ. தடிமன். கடைக்காரர் அது இல்லையென்று சி.ஆர்.2025 கொடுத்திருந்தால் அதன் தடிமன் 2.5 மி.மீ. தான். வோல்ட் ஒன்றுதான், விட்டமும் ஒன்றுதான், ஆனால் அந்த 0.7 மி.மீ. இடைவெளியில் தகடு தொடாது. தொட்டும் தொடாமலும் இருந்து ஆளை அலைக்கழிக்கும். பிளஸ் குறி எந்தப் பக்கம் என்பதையும் பாருங்கள். தலைகீழாகப் போட்டதால் எல்.இ.டி. கெட்டுப்போகாது, எரியாது, அவ்வளவுதான்.

மல்டிமீட்டரால் செல்லை அளந்து "3 வோல்ட் காட்டுகிறதே" என்று ஏமாறாதீர்கள். ஓய்ந்துபோன பட்டன் செல்லும் சும்மா இருக்கும்போது 3 வோல்ட்டுக்கு அருகில் காட்டும். வேலை கொடுத்தால்தான் வேஷம் கலையும். 470 ஓம் ரெசிஸ்டர் ஒன்றைச் செல்லின் இரு பக்கத்துக்கும் குறுக்கே பிடித்துக்கொண்டு அளந்து பாருங்கள். 2.8-க்கு மேலே நின்றால் நல்ல செல். 2.5-க்குக் கீழே சரிந்தால் தூக்கிப் போடலாம். மீட்டரை ஆம்பியர் பக்கம் வைத்து நேராகச் செல்லில் தொடவே கூடாது. அது ஷார்ட் சர்க்யூட். ரெசிஸ்டர் எல்லாம் இல்லையென்றால் குழப்பமே வேண்டாம், புதிய செல் ஒன்று போட்டுப் பாருங்கள்.

புதிய செல்லுக்கும் மசியவில்லையா? இப்போது தகட்டைப் பாருங்கள். செல்லை அழுத்திப் பிடிக்கும் நாக்கு மாதிரியான தகடு அது. பலமுறை செல்லை நுழைத்து எடுத்ததில் படுத்துப்போயிருக்கும். ஸ்க்ரூ டிரைவர் நுனியால் ஒரு மில்லிமீட்டர் மட்டும் நிமிர்த்திவிடுங்கள். அதிகம் வளைத்தால் வேரோடு முறிந்துவிடும், அதற்கு மாற்றுத் தகடு தேடுவது பெரிய பாடு. கடலோர ஊர்களில் இருப்பவர்களுக்குத் தகட்டில் பச்சையாகவோ கருப்பாகவோ களிம்பு ஏறியிருக்கும். பென்சில் ரப்பரால் தேய்த்து, ஆல்கஹால் நனைத்த பஞ்சுக் குச்சியால் துடைத்தால் பளிச்சென்று ஆகிவிடும். உப்புத்தாள் வேண்டாம், மேல் முலாம் போய்விட்டால் அடுத்த மழைக்காலத்தில் இதைவிட மோசமாகக் களிம்பு பிடிக்கும்.

டெல்ராட் மாதிரி இரண்டு ஏ.ஏ. பேட்டரி போடும் ஃபைண்டர்களில் தகட்டின்மேல் வெள்ளைப் பொடி இருந்தால் அது பேட்டரி கசிந்த காரம். பஞ்சில் ஒரு சொட்டு எலுமிச்சைச் சாறோ வினிகரோ தொட்டுத் துடையுங்கள். லேசாக நுரைக்கும். பிறகு தண்ணீர் தொட்ட பஞ்சு, அப்புறம் நன்றாகக் காய வைத்தல். பொடி விரலில் பட்டால் கண்ணைத் தேய்த்துக்கொள்ளாதீர்கள்.

இதெல்லாம் செய்தும் இருட்டாகவே இருந்தால்தான் பெட்டியைப் பிரிக்க வேண்டும். உள்ளே இரண்டு மெல்லிய ஒயர், ஒரு சுவிட்சு, ஓர் எல்.இ.டி. தவிர அதிகம் எதுவும் இருக்காது. பிரித்ததும் முதலில் ஒரு போட்டோ எடுத்து வைத்துக்கொள்ளுங்கள். ஸ்பிரிங்குகள் குதித்து ஓடும் குணமுள்ளவை, ஆகவே ஒரு தட்டுக்குள் வைத்துப் பிரிப்பது நல்லது. ஒயர் சுவிட்சில் சேரும் இடத்தில் ஈயப்பற்று விட்டிருக்கிறதா என்று ஒயரை மெல்ல இழுத்துப் பாருங்கள். ஒயர் நன்றாக இருந்தால் மல்டிமீட்டரை டையோடு நிலையில் வைத்து எல்.இ.டி.யின் இரு காலிலும் தொடுங்கள். நல்ல எல்.இ.டி. மங்கலாகச் சிவக்கும், மீட்டரில் 1.6 முதல் 1.9 வரை ஏதாவது எண் வரும். முனைகளை மாற்றித் தொட்டும் ஒன்றும் வராவிட்டால் எல்.இ.டி. செத்தது. எல்.இ.டி. எரிந்து சுவிட்ச் வழியாக மட்டும் வராவிட்டால், கோளாறு சுவிட்சில்.

அறிகுறி: விட்டு விட்டு எரிகிறது, தட்டினால் எரிகிறது

தட்டியதும் எரிகிறது என்றால் முக்கால்வாசி அதே செல் தகடுதான். மேலே சொன்னபடி நிமிர்த்துங்கள். குமிழைத் திருகும்போது மினுக்கினால், வெளிச்சத்தைக் கூட்டிக் குறைக்கும் பொட்டென்ஷியோமீட்டரில் தூசி. செல்லை எடுத்துவிட்டுக் குமிழைக் கோடியிலிருந்து கோடிக்கு நாலைந்து தடவை வேகமாகத் திருகுங்கள், பலருக்கு இதோடு சரியாகிவிடும். ஆகாவிட்டால் எலக்ட்ரானிக்ஸ் கடையில் கிடைக்கும் காண்டாக்ட் கிளீனரைக் குமிழின் இடுக்கில் ஒரே ஒரு பீச்சு. துரு நீக்குகிற எண்ணெய் ஸ்ப்ரேயை எடுத்து அடிக்காதீர்கள். எண்ணெய்ப் படலம் கண்ணாடிக்குப் பரவும், சில பிளாஸ்டிக்கை வெளுக்கவும் வைக்கும்.

அறிகுறி: எல்.இ.டி. எரிகிறது, கண்ணாடியில் புள்ளி இல்லை அல்லது மங்கல்

துளையில் தூசியோ சிலந்தி நூலோ அடைத்திருக்கும். பெட்டியில் கிடக்கும் டெலஸ்கோப்பில் சிறு பூச்சிகள் குடியேறுவது நம் ஊரில் சகஜம். காற்றடிக்கும் பல்பால் ஊதுங்கள். வாயால் ஊதினால் எச்சில் தெறிக்கும். ஊசியை உள்ளே விட்டுக் குத்தவும் வேண்டாம். பல ஃபைண்டர்களில் எல்.இ.டி.க்கு முன்னால் ஒரு நுண்துளைத் தகடு இருக்கும், புள்ளி சின்னதாகத் தெரிவதற்குக் காரணமே அதுதான்.

கண்ணாடியைத் துடைக்கும்போது முதலில் ஊதித் தூசியை விரட்டிவிட்டு, பிறகு ஆல்கஹால் தொட்ட லென்ஸ் துணியால் ஒரே திசையில் மெல்ல இழுங்கள். அது கண்ணாடியா பிளாஸ்டிக்கா என்று தெரியாதவரை பிளாஸ்டிக் என்றே நினைத்துக்கொள்ளுங்கள். நகப்பூச்சு நீக்கும் திரவம் பட்டால் பிளாஸ்டிக் அங்கேயே வெந்துபோகும். கண்ணுக்குப் படும் பக்கம் லேசான நிறம் தெரிகிறதே, அது அழுக்கு இல்லை. சிவப்பைத் திருப்பி அனுப்பும் பூச்சு. அதைத் தேய்த்து எடுத்துவிட்டால் புள்ளி ஒரேயடியாக மங்கிவிடும்.

அறிகுறி: புள்ளி கண்ணைக் கூசுகிறது, மங்கலான நட்சத்திரம் மறைகிறது

இதைக் கோளாறு என்று பலர் நினைப்பதில்லை, ஆனால் இருட்டு வானத்தில் இதைவிட எரிச்சலானது வேறில்லை. கண் இருட்டுக்கு முழுதாகப் பழக அரை மணி நேரம் போல ஆகும். கூசும் புள்ளி, குறி வைக்க வேண்டிய மங்கல் நட்சத்திரத்தையே விழுங்கிவிடும். குமிழைக் குறைத்தும் போதவில்லையென்றால் எல்.இ.டி.க்குப் போகும் ஒயர் ஒன்றில் ரெசிஸ்டர் சேர்ப்பதுதான் வழி.

கணக்கு எளிது. செல் 3 வோல்ட், சிவப்பு எல்.இ.டி. எடுத்துக்கொள்வது 1.8. மிச்சம் 1.2 வோல்ட். 470 ஓம் போட்டால் இரண்டரை மில்லி ஆம்பியர், 1,200 ஓம் போட்டால் ஒரு மில்லி ஆம்பியர், 4,700 ஓம் போட்டால் கால் மில்லி ஆம்பியர். கிராமத்து இருட்டுக்குக் கால் மில்லியே யதேஷ்டம். சென்னை வெளிச்சத்தில் பார்ப்பவர்களுக்கு ஒரு மில்லி சரியாக இருக்கும். கூடுதல் லாபம், செல் நீண்ட நாள் வரும். சி.ஆர்.2032-ன் கொள்ளளவு 220 மில்லி ஆம்பியர்-மணி அளவுதான், மில்லி மில்லியாகச் சேமித்தால் பல இரவுகள் கூடும்.

ஈயம் பற்றவைக்கும்போது 25 வாட் கருவி போதும். ஓரிடத்தில் இரண்டு மூன்று விநாடிக்கு மேல் வைத்தால் பிளாஸ்டிக் உருகி எல்.இ.டி. சாய்ந்துவிடும். ஈயமே வேண்டாம் என்பவர்களுக்குச் சுலபமான வழி: எல்.இ.டி. தலையில் கருப்பு மார்க்கர் பேனாவால் ஒரு பூச்சு. அழிக்க வேண்டுமென்றால் ஆல்கஹால்.

அறிகுறி: புள்ளி வட்டமாக இல்லை

நட்சத்திரம்போலக் கதிர் விரிகிறது, காற்புள்ளிபோல வால் தெரிகிறது, கொத்தாகத் தெரிகிறது. இதற்காக ஃபைண்டரைப் பிரிப்பதற்கு முன் ஒரு சோதனை செய்யுங்கள். புள்ளியைப் பார்த்தபடியே தலையை ஒரு பக்கம் சாயுங்கள். தலையோடு சேர்ந்து அந்த வடிவமும் சுற்றினால் கோளாறு உங்கள் கண்ணில் இருக்கும் சிதறல் பார்வை, அதாவது அஸ்டிக்மாட்டிசம். மொபைல் கேமராவைக் கண் இருக்கும் இடத்தில் பிடித்து ஒரு படம் எடுங்கள். கேமராவுக்குப் புள்ளி வட்டமாகத் தெரிந்தால் ஃபைண்டர் நிரபராதி. மூக்குக் கண்ணாடி அணிபவர்கள் அதைப் போட்டுக்கொண்டே பாருங்கள். ஐபீஸில் பார்க்கும்போது அதைக் கழற்றும் பழக்கம் இங்கேயும் தொடர்ந்துவிடுவதுதான் பலருக்குப் பிரச்சினை.

தலையைச் சாய்த்தும் வடிவம் அப்படியே நின்றால் துளையில் அழுக்கு, அல்லது கண்ணாடியில் விரல் ரேகை. பிரகாசமான புள்ளிக்குப் பக்கத்திலேயே மங்கலாக இன்னொன்று தெரிந்தால் கண்ணாடியின் பின்முகம் திருப்பும் வெளிச்சம் அது. மலிவான ஃபைண்டர்களின் பிறவிக்குணம், வெளிச்சத்தைக் குறைத்தால் கண்ணுக்குத் தெரியாமல் போய்விடும்.

அறிகுறி: தலையை அசைத்தால் புள்ளி இடம் மாறுகிறது

கண்ணாடிச் சட்டத்துக்குள் புள்ளி நகர்வது இயல்பு. அது நகரத்தான் வேண்டும். கேள்வி என்னவென்றால், தொலைவில் இருக்கும் பொருளோடு ஒப்பிட்டால் நகர்கிறதா? ஒரு கிலோமீட்டர் தாண்டி இருக்கும் விளக்கின்மேல் புள்ளியை வைத்து, டெலஸ்கோப்பை அசைக்காமல் தலையை மட்டும் இடம் வலமாக நகர்த்துங்கள். விளக்கை விட்டுப் புள்ளி துளி விலகினால் பரவாயில்லை, விட்டுவிடுங்கள். பக்கத்து வீட்டுச் சுவரை வைத்துச் சோதித்தால் எல்லா ஃபைண்டரும் தோற்றுவிடும்.

நிலா அகலத்துக்கு விலகினால் எல்.இ.டி. தன் குவியப் புள்ளியை விட்டு நகர்ந்திருக்கிறது. கீழே போட்ட ஃபைண்டரிலும், எல்.இ.டி. மாற்றிய ஃபைண்டரிலும் இது வரும். எந்தப் பக்கம் நகர்த்துவது என்று தலை அசைவே சொல்லிவிடும். தலையை வலப்பக்கம் கொண்டுபோகும்போது புள்ளி விளக்குக்கு இடப்பக்கம் ஓடினால், எல்.இ.டி. கண்ணாடிக்கு மிக அருகில் இருக்கிறது; பின்னால் தள்ளுங்கள். தலையோடு சேர்ந்து வலப்பக்கமே வந்தால் தூரமாக இருக்கிறது, முன்னால் கொண்டுவாருங்கள். ஒரே தடவையில் அரை மில்லிமீட்டர் நகர்த்துவதே அதிகம். சரியான இடம் கிடைத்ததும் மெதுவாக இறுகும் இரு கலவைப் பசையால் ஒட்டுங்கள். இறுகும் வரை மறுபடி மறுபடி தலையை அசைத்துப் பார்த்துத் திருத்திக்கொள்ள நேரம் கிடைக்கும். நொடியில் ஒட்டும் பசையை இதற்குப் பயன்படுத்தவே கூடாது. அதன் ஆவி கண்ணாடியில் படிந்து வெள்ளையாகப் பூத்துவிடும், துடைத்தாலும் லேசில் போகாது.

புதிய எல்.இ.டி. போடும்போது தலை தட்டையாகத் தேய்த்த 3 மி.மீ. சிவப்பு எல்.இ.டி.யைப் போட்டுப் பழைய நுண்துளைத் தகட்டை அதன்முன் மறக்காமல் வையுங்கள். 50 மி.மீ. குவியத் தூரத்துக்கு 0.1 மி.மீ. துளை இருந்தால் புள்ளி வானத்தில் 7 ஆர்க் நிமிடம், அதாவது நிலாவில் கால்வாசி. தகட்டை விட்டுவிட்டு எல்.இ.டி.யை அப்படியே போட்டால் நிலாவையே மூடும் சிவப்பு உருண்டைதான் கிடைக்கும்.

அறிகுறி: புள்ளியும் ஐபீஸும் ஒத்துப்போகவில்லை

அதிகம் பேர் மாட்டிக்கொள்ளும் இடம் இது. புள்ளி நிலாவின்மேல் இருக்கிறது, ஐபீஸில் கும்மிருட்டு.

சீரமைப்பைப் பகலிலேயே முடித்துவிடுங்கள். இலக்கு தூரமாக இருக்க வேண்டும், இதில் சமரசம் கூடாது. ஃபைண்டருக்கும் குழாயின் நடுவுக்கும் 15 செ.மீ. இடைவெளி என்று வைத்துக்கொள்வோம். 50 மீட்டரில் இருக்கும் தென்னங்குலையை வைத்து இரண்டையும் பொருத்தினால், வானத்துக்குத் திருப்பும்போது 0.17 டிகிரி, நிலாவில் மூன்றில் ஒரு பங்கு, விலகி நிற்கும். ஒரு கிலோமீட்டர் தள்ளி இருக்கும் கோபுரக் கலசம் என்றால் அந்தப் பிழை நூற்றில் ஒரு டிகிரிகூட இல்லை. கலசம், தண்ணீர்த் தொட்டியின் விளிம்பு, செல்போன் டவரின் உச்சி எல்லாம் நல்ல இலக்குகள். இரவில் டவரின் சிவப்பு விளக்கைத் தேர்ந்தெடுக்காதீர்கள். எது விளக்கு, எது புள்ளி என்று நீங்களே குழம்புவீர்கள். சூரியன் இருக்கும் பக்கமே போக வேண்டாம். ஃபைண்டரில் சூரிய வடிகட்டி எதுவும் கிடையாது. அதை வைத்துச் சூரியனைக் குறிவைப்பவர் கண் போகும்.

வரிசை முக்கியம். பெரிய எண் ஐபீஸ், அதாவது 25 மி.மீ., போட்டு இலக்கை ஐபீஸின் நடுவுக்குக் கொண்டுவாருங்கள். குழாயை அசையாமல் பூட்டுங்கள். அதற்குப் பிறகு ஃபைண்டரின் திருகுகளை மட்டும் திருகி, புள்ளியை அதே கலசத்தில் உட்கார வையுங்கள். 10 மி.மீ. ஐபீஸ் போட்டு இன்னொரு முறை. பலர் தலைகீழாக, முதலில் புள்ளியை வைத்துவிட்டு ஐபீஸைத் துழாவுகிறார்கள், அதில் விடிந்துவிடும்.

இரவில்தான் செய்ய முடியும் என்றால், வெளிநாட்டுக் கையேடுகள் துருவ நட்சத்திரத்தைப் பிடி என்று சொல்லும், அது நகராது என்பதால். லண்டனில் அது 51 டிகிரி உயரத்தில் ஜம்மென்று நிற்கும். சென்னையில் 13 டிகிரி, யாழ்ப்பாணத்தில் 10-க்கும் கொஞ்சம் குறைவு, கன்னியாகுமரியில் 8. பக்கத்து மாடியும் அடிவானப் புழுதியும் மறைத்தது போக நமக்கு எட்டாது. வியாழனையோ சிரியஸையோ வைத்துக்கொள்ளுங்கள். அவை நாலு நிமிடத்துக்கு ஒரு டிகிரி நகரும், ஆகவே ஃபைண்டர் திருகைத் தொடும் ஒவ்வொரு முறையும் ஐபீஸில் நடுவில்தான் இருக்கிறதா என்று திரும்பப் பாருங்கள்.

திருகு கோடிக்குப் போயும் புள்ளி எட்டவில்லையென்றால், ஃபைண்டரின் பாதம் சரியாக உட்காரவில்லை. கழற்றி, தடத்தில் தூசி இல்லாமல் துடைத்து மறுபடி தள்ளிப் பூட்டுங்கள். அப்படியும் எட்டாவிட்டால் பாதத்தின் ஒரு முனைக்கு அடியில் பழைய ஏ.டி.எம். கார்டிலிருந்து வெட்டிய துண்டைக் கொடுக்கலாம். புள்ளி மேலே போக வேண்டுமானால் முன்பக்கம், கீழே வர வேண்டுமானால் பின்பக்கம்.

குழாயில் பாதத்தைப் பிடித்திருக்கும் திருகைத் தளர்த்தும்போது மட்டும் கவனம் வேண்டும். நியூட்டோனியன் டெலஸ்கோப்புகள் பலவற்றில் அதன் நட்டு குழாயின் உட்புறத்தில் இருக்கிறது. குழாய் நின்றபடி இருக்கும்போது நட்டு கழன்றால் நேராக அடியில் உள்ள பிரதானக் கண்ணாடிமேல் போய் விழும். குழாயைப் படுக்கப்போட்டு, உள்ளே ஒரு விரலால் நட்டைப் பிடித்துக்கொண்டு திருகுங்கள்.

அறிகுறி: சரிசெய்தது அரை மணியில் கலைகிறது

பாதம் ஆடுகிறது, அல்லது சீரமைப்புத் திருகின் ஸ்பிரிங் தளர்ந்திருக்கிறது. ஃபைண்டரை விரலால் லேசாகத் தள்ளிவிட்டு விடுங்கள். புள்ளி பழைய இடத்துக்குத் திரும்பாவிட்டால் எங்கே ஆட்டம் என்று தொட்டே கண்டுபிடித்துவிடலாம். தளர்ந்த திருகின் மரையில் குழாய் வேலைக்காரர்கள் சுற்றும் வெள்ளை டேப்பை ஒரு சுற்று கொடுத்தால் பிடிப்பு வரும். இரட்டைப் பக்க டேப்பில் ஒட்டும் டெல்ராட் வகைப் பாதங்கள் சித்திரை வெயிலில் காருக்குள் கிடந்தால் வழுக்கிவிடும், பழைய பசையைச் சுரண்டி எடுத்துப் புதிய டேப் ஒட்டுங்கள்.

அறிகுறி: நள்ளிரவில் புள்ளி கரைந்துபோகிறது

மார்கழியிலும், எந்த மாதமானாலும் கொடைக்கானல், ஏற்காடு போன்ற மலைகளிலும் இது பனி. விரலால் துடைக்காதீர்கள், மறுபடி படியும், கீறலும் விழும். அட்டையில் ஒரு கூரை மடித்து ஃபைண்டர்மேல் கவிழ்த்து வையுங்கள். பனித்த பிறகு என்றால் ஹேர் டிரையரைக் குறைந்த சூட்டில் தூரமாகப் பிடிக்கலாம். வீட்டுக்கு வந்ததும் ஈரத்தோடு பெட்டியில் அடைக்காமல், உலரவிட்டுச் சிலிக்கா ஜெல் பையோடு வைத்தால் பூஞ்சை வராது.

அறிகுறி: ஒவ்வொரு முறையும் செல் தீர்ந்திருக்கிறது

அணைக்க மறப்பதுதான் காரணம், வேறு எதையும் தேட வேண்டியதில்லை. 'க்ளிக்' சத்தம் வராத தேய்ந்த குமிழாக இருந்தால் பார்த்து முடித்ததும் செல்லை எடுத்துவிடுங்கள், அல்லது நடுவே ஒரு காகிதத் துண்டைச் செருகுங்கள்.

வெளியே இரண்டு ஏ.ஏ.ஏ. பேட்டரிப் பெட்டி வைத்து ஒயர் கொடுப்பவர்கள் ஒன்றைக் கவனிக்க வேண்டும். சில ஃபைண்டர்களில் ரெசிஸ்டரே கிடையாது, பட்டன் செல்லின் உள்தடையை நம்பியே எல்.இ.டி. பிழைத்துக்கொண்டிருக்கிறது. ஏ.ஏ.ஏ. பேட்டரிக்கு அந்தத் தடை மிகக் குறைவு. 470 ஓம் ஒன்றைச் சேர்க்காமல் இணைத்தால் எல்.இ.டி.யின் ஆயுள் குறையும்.

எதைச் சரிசெய்ய முடியாது?

வளைந்த கண்ணாடி உடைந்தாலோ, அதன் பூச்சு உரிந்தாலோ விட்டுவிடுங்கள். அதே வளைவும் பூச்சும் உள்ள துண்டைத் தனியாக வாங்க வழியில்லை, புதிய ஃபைண்டரே மேல். டெல்ராட் இதில் விதிவிலக்கு: அதன் மேல்கண்ணாடி தட்டையானது, வளைவு வேலையை உள்ளே இருக்கும் லென்ஸ் பார்த்துக்கொள்கிறது. கண்ணாடிக் கடையில் அதே அளவுக்கு வெட்டி வாங்கி மாற்றலாம். கிடைப்பதிலேயே மெல்லியதாகக் கேளுங்கள், தடித்தால், புள்ளிக்குப் பதிலாக டெல்ராட் காட்டும் அரை, இரண்டு, நான்கு டிகிரி வளையங்கள் மூன்றும் இரட்டையாகத் தெரியும்.

தூக்கிப் போடும் ஃபைண்டரிலிருந்து பாதம், ஸ்பிரிங், திருகுகளைக் கழற்றி ஒரு டப்பாவில் போட்டு வையுங்கள். இந்த அளவுத் திருகு கடையில் தேடினால் கிடைக்காது. தீர்ந்த பட்டன் செல்லின் இரு பக்கமும் டேப் ஒட்டிவிட்டு மின்கழிவில் சேருங்கள்.